உப்பில்லாத ஆறு நாள்

சிவரூபனுக்கு உப்பைக் கண்டால் ஆகாது. அதற்கு அவனிடம் இரண்டு நியாயங்கள் இருந்தன. கேட்கிறவர்களுக்குக் காது புளிக்கும்வரை இரண்டையும் சொல்லுவான்.

முதலாவது நியாயம் தொழில். திருகோணமலை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவன் அவன். கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, மாதம் ஒரு தரம் பழுதென்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உப்பு இரும்பையே தின்னுது. மனிசன்ர குடலை மட்டும் விட்டுவைக்குமோ?" என்பான். இரண்டாவது நியாயம் அவனுடைய அப்பா. கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர். பிரஷர் கூடிப் பாரிசவாதம் வந்து, நான்கு வருடம் கட்டிலோடு கிடந்து போனார். அந்த நான்கு வருடமும் அவரைத் தூக்கிக் கழுவியவன் சிவரூபன்தான். ஆகவே அன்புவழிபுரத்தில் இருந்த அவர்கள் வீட்டில் எல்லாக் கறியும் அரை உப்போடுதான் இறங்கும். விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஊறுகாயைத் தேடுவார்கள். ஊறுகாயும் அந்த வீட்டில் இராது.

அவன் மனைவி சுலோஜனா பதினாறு வருடம் அந்தச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு புத்தகக் கடையில் போட்டோப் பிரதி எடுக்கும் வேலை அவளுக்கு. காலையில் சைக்கிளில் போனால் பின்னேரம் சைக்கிளில் வருவாள். பிள்ளை இல்லை. அதற்காக அழுகிற காலத்தையும் இருவரும் தாண்டிவிட்டார்கள். அவள் சுபாவம் எப்படியென்றால், எதையும் ஒரு தரம்தான் கேட்பாள். இல்லையென்று சொன்னால் அந்தக் கதையை அதோடு விட்டுவிடுவாள். இப்படி ஒரு மனைவி அமைந்தது தன் அதிர்ஷ்டம் என்று சிவரூபன் கூட்டாளிகளிடம் பெருமைப்படுவான். கேட்காதவளிடம் கேட்டறிய வேண்டியது தன் வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவும் தோன்றவில்லை.

முப்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு உடம்பு விழத் தொடங்கியது. முதலில் களைப்பு. படுக்கையை விட்டு எழும்பினால் கண் இருட்டும், கொஞ்ச நேரம் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சட்டைகள் தொளதொளத்தன. பிறகு நிறம் மாறியது. முகமும் கைமுட்டிகளும் கறுத்தன, உள்ளங்கைக் கோடுகள் மை பூசியதுபோலத் தெரிந்தன. மெசினின் மைத்தூள்தான் ஒட்டுகிறது என்று அவள் நினைத்தாள். தினமும் வேலை முடிய, கடைக்குப் பின்னால் இருக்கிற பைப்படியில் சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் வைத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் உரிந்ததே தவிர கறுப்புப் போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன அக்கா, மெசினை வெயிலுக்க வச்சோ வேலை செய்யிறீங்கள்?" என்று பகிடி விட்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அதோடுதான் உப்பு ஆசையும் வந்தது. ஆசை என்று சொல்வது சரியில்லை. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் எப்படியோ அப்படி அவளுக்கு உப்பு. ஒரு நாள் மத்தியானம், மறந்துபோன சாவி ஒன்றை எடுக்க சிவரூபன் வீட்டுக்கு வந்தான். அன்று கடைக்கு லீவு போட்டிருந்த சுலோஜனா குசினி மூலையில் நின்று, உப்புத் தகரத்தைத் திறந்து, உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். அவன் நின்றதைக் கண்டதும் களவெடுத்துப் பிடிபட்டவள்போலக் கையைப் பின்னால் மறைத்தாள்.

சிவரூபன் பயந்துபோனான். பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உனக்கென்ன விசரோ? அப்பா கிடந்ததைப் பாத்தனிதானே? உன்னையும் நான் தூக்கிக் கழுவ வேணுமோ?"

"எனக்கு இது வேணும்போல கிடக்கு. என்னெண்டு தெரியேல்ல. கொஞ்சம் கூடப் போட்டுச் சமைக்கட்டே?"

"ஏலாது."

அவள் பிறகு கேட்கவில்லை. அன்றைக்கே அவன் உப்புத் தகரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் இறங்குதுறைக் கொட்டிலில் எண்ணெய்ப் போத்தல்களுக்கு நடுவில் வைத்தான். தினமும் வேலை முடிய ஒரு கரண்டி உப்பைக் கடதாசியில் மடித்து வீட்டுக்கு எடுத்து வருவான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றே மனப்பூர்வமாக நம்பினான். அந்த நம்பிக்கையில் ஒரு துளி பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாத இடம்.

மூன்று மாதம் கழித்து, மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது சுலோஜனா மெசின் மேலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த தாதி, கருவி பிழையென்று நினைத்து இன்னொரு கருவி எடுத்து வந்தாள். அவ்வளவு குறைவு. சிவரூபன் வார்டுக்கு வெளியே நின்று சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவன் பேரம் பேசினான்.

"வெருகல் முருகா, அவளை எனக்குத் தந்திடு. வாற கந்தசஷ்டிக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஆறு நாளும் உப்பில்லாமல் விரதம் பிடிக்கிறம். அது முடிய உன்ர வாசலுக்கு வந்து அபிஷேகம் செய்யிறம்."

எத்தனையோ நேர்த்திகள் இருக்கின்றன. காவடி எடுக்கலாம், மொட்டை போடலாம். அவன் ஏன் உப்பைத் தேடிப் பிடித்தான் என்றால், அவளை விழுத்தியது உப்புத்தான் என்று அவன் நினைத்ததால்.

கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவு ஐந்து நாள் கழித்து வந்தது. இளம் பெண் டொக்டர் ஒருத்தி அவனைக் கதிரையில் இருத்தி, ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினாள். இரண்டு சிறுநீரகம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னத் தொப்பி. அந்தத் தொப்பிதான் அட்ரினல் சுரப்பி என்றாள். உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லிக் கட்டளை போடுவது அது. சுலோஜனாவுக்கு இரண்டு பக்கமும் அது செத்துக்கொண்டிருக்கிறது. கட்டளை இல்லாததால் உப்பெல்லாம் சிறுநீரோடு போகிறது, பிரஷர் விழுகிறது. தோல் கறுப்பதும் இந்த நோயால்தான்.

"அப்ப டொக்டர், உப்பு..."

"அவவுக்கு வந்தது ஆசை இல்லை, அண்ணா. உடம்பு உயிர் தப்புறதுக்குக் கேட்டிருக்கு. மற்ற ஆக்களுக்கு உப்பைக் குறையுங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுறது. இவவுக்கு மட்டும் குறைக்கப்படாது. குளிசை ரெண்டு விதம். வாழ்நாள் முழுக்க ஒரு நேரம் கூட விடக்கூடாது. சத்தி எடுத்தால் வீட்டில வச்சிருக்காமல் உடன கொண்டு வாங்கோ, ஊசி போட வேணும்."

சிவரூபன் தலையாட்டினான். நேரே கொட்டிலுக்குப் போய், எண்ணெய்ப் போத்தல்களுக்கு நடுவில் இருந்த தகரத்தை எடுத்துத் துடைத்தான். சுலோஜனா வீட்டுக்கு வந்த அன்று அதை அவள் முன்னால் வைத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஆள். அவள் தகரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "தேத்தண்ணி போடட்டே?" என்றாள். அவ்வளவுதான் அந்த வழக்கின் தீர்ப்பு.

அதற்குப் பிறகு பத்து மாதம் அவர்கள் நன்றாக இருந்தார்கள். அவள் முகம் தெளிந்தது, உள்ளங்கைக் கோடுகள் மெல்ல மெல்ல வெளுத்தன. தன் சோற்றுக் கோப்பையில் இருக்கிற கறிக்கு மட்டும் அவள் தனியாக உப்புப் போடுவாள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். வைகாசி அளவில் நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. நகரத்துக் கடைகளில் ஒரு பைக்கற் கிடைக்கவில்லை. உப்பென்றால் ஆகாத அந்த மனிதன் வேலையைப் போட்டுவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினான். கடைசியில் கிண்ணியாவுக்குப் போய் இரண்டு பைக்கற்றோடு வந்து, பொன் கொண்டு வந்தவன்போல மேசையில் வைத்தான். சுலோஜனா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்துக் கனகாலம்.

கிண்ணியாவில் உப்பு வாங்கிக் கொடுத்தது பஹ்மியா என்ற பெண்ணின் கணவர். பஹ்மியாவுக்கும் இதே வருத்தம், அதே அட்ரினல் நோய். மாதா மாதம் கிளினிக்கில் காத்திருக்கும் நீள வாங்கில் சுலோஜனாவுக்குப் பக்கத்தில் இருப்பவள். நோன்பு மாதத்துக்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள்: "இந்தத் தரம் நான் நோன்பு புடிக்கல்ல. டொக்டர்ட்டக் கேட்டம், மௌலவிட்டயும் கேட்டம். ரெண்டு பேரும் வேணாம் எண்டுட்டாங்க. ஒவ்வொரு நாளைக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாச் சரியாம்." சுலோஜனா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சிவரூபனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு எஞ்சின் பிளக்கைச் சுரண்டிக்கொண்டு, "அது அவையின்ர முறை" என்றான்.

ஐப்பசி வந்தது. சஷ்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிவரூபன் கலண்டரை எடுத்து நாளைப் பார்த்தான். டொக்டர் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனால் முருகனிடம் வாய்விட்டுச் சொன்னதையும் மறக்கவில்லை. கேட்டதை முருகன் தந்துவிட்டான். வாங்கிக்கொண்டு ஏமாற்றினால், தந்ததைத் திருப்பி எடுத்துவிட்டால்? அவனுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"டொக்டர்ட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்றாள் சுலோஜனா.

"டொக்டர் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. அவவுக்குக் குளிசையைத் தெரியும், நேர்த்தியைத் தெரியுமே?"

"கோயிலில ஐயரிட்டையாவது..."

"நேர்ந்து போட்டு ஐயரிட்டைப் போய்க் குறைச்சுக் கேக்கிறதோ? வெக்கமில்லையே? ஆறே ஆறு நாள், சுலோ. குளிசை இருக்குத்தானே."

அவள் சரியென்றாள். அவளுக்கும் முருகனிடம் நன்றி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காப்புக் கட்டுகிற அன்று குளித்து, சேலை கட்டி, இருவரும் கோயிலுக்குப் போய் வந்தார்கள். பகல் முழுக்க வெறும் தண்ணீர். இரவுப் பூசை முடிய, உப்பில்லாத பச்சையரிசிச் சோறும் பாலும் பழமும். ஒரு நேரம் மட்டும்.

குளிசையில்தான் அடுத்த பிழை வந்தது. கவரில் தாதி எழுதியிருந்தாள்: காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். சிவரூபன் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தான். காலையிலும் மத்தியானமும் சாப்பாடே இல்லையே. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும் என்று அவனுக்குத் தெரியும், அப்பாவின் மருந்துகளோடு அல்லாடிய அனுபவம். ஆகவே இரவுச் சோற்றுக்குப் பிறகு ஒரு வேளைக் குளிசையை மட்டும் கொடுத்தான். எழுதியிருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன் என்று நினைத்தான்.

முதல் இரண்டு நாளும் அவள் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தாள். நான்காம் நாள் மழை பிடித்தது. அவள் எழும்பவில்லை, இரவுச் சோற்றைச் சாப்பிட்ட கையோடு சத்தி எடுத்தாள். பட்டினி கிடந்த வயிறு சோற்றை ஏற்கவில்லை என்றான் சிவரூபன். அவனும்தான் பட்டினி. அவனுக்கும்தான் தலை சுற்றியது. தன் உடம்பை வைத்து அவள் உடம்பை அளந்தான்.

ஐந்தாம் நாள் காலையில் அவன் துளசித் தண்ணீர் கொண்டுபோனான். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் உப்புக் கரைச்சுத் தாங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு."

சிவரூபன் குசினிக்குப் போனான். தகரம் கைக்கெட்டும் தூரத்தில், மேல் தட்டில் இருந்தது. அதை எடுக்கவும் செய்தான். மூடியைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. நான்கு நாள் முடிந்துவிட்டது. நாளைக்குச் சூரன்போர், நாளை மறுநாள் விரதம் முடிக்கும் பாரணை. இப்போது உடைத்தால் நான்கு நாளும் வீண், முருகன் அவளைத் திருப்பிக் கேட்பான். மூடியைப் போட்டுத் தகரத்தை மேலே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"இண்டைக்கும் நாளைக்கும்தான், சுலோ. கொஞ்சம் பொறுத்துக்கொள். பாரணைக்கு நீ கேக்கிற அளவு உப்புப் போட்டு நானே சமைச்சுத் தாறன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "ஓம்" என்று சொல்லி மணிக்கட்டை விட்டாள். வழக்கம்போல இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஆறாம் நாள் விடிய அவளை எழுப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில், மடியில் தலையை வைத்துக்கொண்டு கொண்டுபோனான். ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். சேலைனில் இருப்பது உப்புத் தண்ணீர்தான் என்று யாரோ ஒரு பணியாளர் அவனுக்கு விளக்கம் சொன்னார். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் முடிந்தது.

படம் கீறிக் காட்டிய அதே டொக்டர்தான் வெளியே வந்தாள்.

"எத்தனை நாளாய் உப்பில்லாமல் இருந்தவ?"

"அஞ்சு முழுநாள். இண்டைக்கு ஆறாவது."

"குளிசை?"

"சாப்பாட்டுக்குப் பிறகெண்டு எழுதியிருந்தது. ஒரு நேரந்தானே சாப்பிட்டவ."

அவள் ஏசுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். ஏச வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினான். அவள் கொப்பியில் எதையோ எழுதினாள், எழுதி முடித்ததும் அவன் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். சஷ்டி அன்று, விரதத்தோடு, சூரன்போர் நாளில் உயிர் போவதென்றால் சும்மாவா? முருகன் நேரே வந்து கூட்டிக்கொண்டுபோயிருக்கிறான். கொடுத்து வைத்தவள். சிவரூபனின் அக்கா கஜந்தி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதழுது சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் எழும்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. அவள் உப்புக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இந்த இரண்டு வசனத்தையும் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு கஜந்தி நினைவூட்டினாள். "வெருகலுக்குப் போறன் எண்டு நேர்ந்தனியெல்லே? மிச்சத்தை விடக்கூடாது, தம்பி." கார்த்திகை வெள்ளத்தில் வெருகல் பாதை தண்ணீருக்குள் கிடந்தது. தை பிறந்து, தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள் காலை, வெருகல் வழியாகப் போகும் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிப் போனான்.

கோயிலுக்குள்ளே போக அவனுக்கு மனம் வரவில்லை. அபிஷேகச் சாமான்களைப் பையோடு வைத்துக்கொண்டு வெளிவீதியில் நின்றான். கிணற்றடியில் வயதான ஐயர் ஒருவர் தண்ணீர்ப் பம்பின் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போயிருந்தார். சிவரூபனின் கை சும்மா இருக்கவில்லை. போய்ப் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, ஒரு இழுவையில் ஓடவிட்டான். தண்ணீர் பாய்ந்தது. ஐயருக்குப் பெரிய சந்தோஷம்.

"எவடம் தம்பி?"

"திருகோணமலை, ஐயா." பம்பு இரைச்சலுக்கு மேலால் பேச வேண்டியிருந்தது. அந்த இரைச்சல்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்ததோ என்னவோ. "ஐயா, ஒரு விசயம் கேக்க வேணும். ஒராளுக்கு வருத்தம். உப்புச் சாப்பிடாட்டி அந்த உடம்பு தாங்காது. ஆனா சஷ்டிக்கு உப்பில்லாமல் இருக்கிறதெண்டு நேர்ந்தாச்சு. அப்பிடியெண்டால் என்ன செய்யிறது?"

ஐயர் யோசிக்கக்கூட இல்லை. கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"வருத்தக்காரருக்கு என்ன விரதம்? ஒரு தேங்காயை உடைச்சு, முருகா எனக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். எத்தினை பேர் வந்து கேக்கினம். எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுறனான்."

"குற்றம் வராதோ, ஐயா?"

"ஒரு குற்றமும் வராது. தன்ர பிள்ளையைப் பட்டினி போட்டு வருத்திறதுக்கு அவனுக்கென்ன விசரே?" ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்குத் தம்பி?"

"என்ர மனிசிக்கு."

"அப்ப அந்தப் பிள்ளையைப் பயந்துகொண்டு இருக்க விடாதையும். நேர்த்தியை நான் இஞ்ச பாத்துக்கொள்ளுறன். நீர் வீட்டை போனதும் போகாததுமாய் உப்புப் போட்டு வடிவாய்ச் சமைச்சுக் குடும்." இடுப்பில் இருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்துக் கடதாசியில் மடித்தார். "இதை அவவின்ர நெத்தியில பூசிவிடும்."

சிவரூபன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். "ஓம் ஐயா" என்றான்.